ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று டாக்டரிடம் எழுதிக் கொடுக்கலாமா? (பி.எம்.டி., அதாவது எலும்பு மஜ்ஜை மாற்றுக்குப் போகிறவர்களுக்கு)

கேள்வி: கூடல்நகர் வாசகர், 2025 ஏப்ரல் 19

அண்ணே, மச்சினனுக்கு ரத்தப் புற்று, ஏ.எம்.எல். கீமோ முடிந்து, நோய் அடங்கி ரெமிஷனில் இருக்கிறான். ஜூனில் பி.எம்.டி., டோனர் என் வீட்டுக்காரி. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. ஸ்டெம் செல் ஏற்றின பிறகு ஆன்டிபயாடிக் போடுவதால் குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியா செத்துப்போய், அதனால்தான் ஜி.வி.எச்.டி. என்ற சிக்கல் வந்து ஆள் போய்விடுகிறார்களாம். ஆன்டிபயாடிக் வேண்டாம், தயிரும் பழைய சோறும் கொடுத்துப் பார்த்துக்கொள்கிறோம் என்று எழுதிக் கொடுக்கலாமா?

ஏப்ரல் 19, இரவு

கொடுக்காதே தம்பி. இதை முதலில் முடித்துவிட்டு மற்றதைப் பேசுவோம்.

மாற்றுக்கு முன் பழைய மஜ்ஜையை ஒழிக்கிற கண்டிஷனிங் கீமோ போட்டதும் வெள்ளையணு அடிமட்டத்துக்குப் போய்விடும். கிருமியோடு மோதுகிற வெள்ளையணு வகையான நியூட்ரோபில் 500-க்குக் கீழே இருக்கிற நேரத்தில் காய்ச்சல் 101-ஐத் தொட்டாலோ, 100.4-இல் ஒரு மணி நேரம் நின்றாலோ, அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் மருந்து நரம்பில் ஏறியாக வேண்டும். ரத்தத்தில் என்ன கிருமி வளர்கிறது என்று பார்க்கும் கல்ச்சர் ரிசல்ட் வரட்டும் என்று யாரும் காத்திருக்க மாட்டார்கள். ரத்தத்தை எடுத்த கையோடு ஏற்றிவிடுவார்கள். காலையில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தவர் சாயங்காலம் ஐ.சி.யு.வில் இருப்பது அந்த வார்டில் அதிசயமே கிடையாது.

வாட்ஸ்அப்பில் வந்தது முழுப் பொய்யும் இல்லை. பாதியை மட்டும் சொல்லியிருக்கிறார்கள். நாளைக்குக் கடை அடைத்துவிட்டு எழுதுகிறேன்.

ஏப்ரல் 20, இரவு

என்னைத் தெரியாதவர்களுக்கு: சிம்மக்கல் பக்கம் மெடிக்கல் வைத்திருக்கிறேன். என் தங்கைக்கும் இதே நோய், இதே சிகிச்சை, டோனர் நான். டாக்டர் இல்லை. அவள் வார்டில் இருந்த காலத்தில் கைக்குக் கிடைத்த ஆய்வுக் கட்டுரையெல்லாம் படித்தேன். அங்கே அட்டெண்டருக்கு உட்கார்ந்திருப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

ஜி.வி.எச்.டி. என்பது டோனரின் டி செல்கள் என்ற நோய் எதிர்ப்பு அணுக்கள் தாங்கள் போய்ச் சேர்ந்த உடம்பை அந்நியமாகப் பார்த்துத் தாக்குவது. தோல், ஈரல், குடல் மூன்றும்தான் முதலில் அடி வாங்கும். குடலில் வந்தால் பெரும்பாடு. கீமோவிலேயே குடலின் உள்தோல் புண்ணாகிக் கிடக்கும். அது ஆறுவதற்கு மேலே சளிப் படலம் வேண்டும், நார்ச்சத்தைத் தின்று ப்யூட்டிரேட் என்ற அமிலத்தைக் கொடுக்கும் பாக்டீரியாக்களும் வேண்டும். பெருங்குடல் செல்களுக்கு அந்த ப்யூட்டிரேட்தான் சாப்பாடு. அதைக் கொடுப்பவை பெரும்பாலும் ஆக்சிஜன் ஆகாத வகை, அனரோப் என்பார்கள். பிளாட்டியா என்று ஒரு இனம் இருக்கிறது. அது குடலில் நிறைய இருந்த நோயாளிகளில் ஜி.வி.எச்.டி.யால் செத்தவர்கள் குறைவு என்று 2015-இல் வந்தது.

இப்போது மருந்துக்கு வருவோம். பிப்பரசிலின்-டாசோபாக்டம், இமிபெனெம், மெரோபெனெம் மூன்றும் காய்ச்சலுக்குக் காரணமான கிருமியோடு சேர்த்து அனரோப்களையும் வாரிக்கொண்டு போகும். செஃபெபைம், அஸ்ட்ரியோனம் அவற்றை அவ்வளவாகத் தொடாது. நியூயார்க்கில் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மையத்தில் 857 நோயாளிகளின் பழைய பதிவுகளைப் புரட்டி 2016-இல் வெளியிட்டார்கள். பிப்-டாசோ வாங்கியவர்களில் ஐந்து ஆண்டுக்குள் ஜி.வி.எச்.டி. சம்பந்தமாக இறந்தவர்கள் 19.8 சதவீதம், வாங்காதவர்களில் 11.9. இமிபெனெமுக்கு 21.5, அது இல்லாதவர்களுக்கு 13.1. செஃபெபைம், அஸ்ட்ரியோனத்தில் இந்த இடைவெளி வரவில்லை. எலிகளுக்கு இமிபெனெம் கொடுத்துப் பார்த்தபோது பெருங்குடலின் சளிப் படலம் கரைந்திருந்தது. அந்தச் சளியையே தின்று வாழும் அக்கர்மான்சியா என்ற பாக்டீரியா பெருகிக் கிடந்தது.

உனக்கு வந்த செய்தி இந்தக் கட்டுரையிலிருந்து பிறந்ததாகத்தான் இருக்கும். வழியில் மருந்துகளின் பெயரெல்லாம் உதிர்ந்துபோய் ஆன்டிபயாடிக் என்ற ஒரே சொல் மிஞ்சியிருக்கிறது.

ஏப்ரல் 20, படுக்கும் முன்

இதையும் போட்டுவிடுகிறேன், இல்லையென்றால் நாளைக்கே யாராவது 19.8-ஐ மட்டும் வெட்டி ஃபார்வர்ட் செய்வார்கள். அது பழைய பதிவுகளைப் பார்த்த ஆய்வு. நோய் முற்றியவருக்கு, காய்ச்சல் விடாதவருக்குத்தான் பெரிய மருந்து போகும். அவர் இறந்தால் மருந்தால் இறந்தாரா, மருந்து தேவைப்பட்ட நிலையால் இறந்தாரா? கணக்கில் அதை ஈடுகட்டப் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் சீட்டுக் குலுக்கி ஆளைப் பிரித்துச் செய்த ஆய்வுக்கு அது நிகராகாது.

ஏப்ரல் 22

"பல வகை பாக்டீரியா இருந்தால் என்ன, ஒரே வகை இருந்தால் என்ன" என்று உசிலம்பட்டி ஆசிரியர் கேட்டிருக்கிறார். சார், தண்ணீர் வற்றின கண்மாயில் சீமைக்கருவேலம் ஏறுவதைப் பார்த்திருப்பீர்கள். நாணலும் கோரையும் இருந்தவரை அதற்கு இடம் கிடைக்காது. அவை காய்ந்ததும் ஒரே செடி கண்மாய் முழுக்க. குடலில் அந்த வேலையைச் செய்வது எண்டெரோகாக்கஸ். நோயாளியின் மலத்தில் அது ஆதிக்கம் பிடித்துவிட்டால், வான்கோமைசின் என்ற ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத எண்டெரோகாக்கஸ் ரத்தத்தில் இறங்கும் ஆபத்து ஒன்பது மடங்கு என்று 2012-இல் ஒரு கட்டுரை.

பெரிய ஆய்வு 2020-இல் வந்தது. நியூயார்க், அமெரிக்காவிலேயே டியூக், ஜெர்மனியில் ரெகன்ஸ்பர்க், ஜப்பானில் ஹொக்கைடோ என நான்கு இடங்கள், 1362 நோயாளிகள், 8767 மலச் சாம்பிள். நாடு வேறு, சாப்பாடு வேறு. ஆனால் மாற்றுக்குப் பிறகு வகைகள் குறைந்துபோவது நாலு ஊரிலும் ஒரே மாதிரி. வகைகள் குறைந்தவர்களில் இறப்பும் கூடுதல். இன்னொன்று: ஸ்டெம் செல் ஏறுவதற்கு முன்பே பலருக்குக் குடல் கலைந்துதான் இருந்தது. இதற்கு அப்புறம் வருகிறேன், நம் ஊருக்கு அதுதான் முக்கியம்.

ஏப்ரல் 24

தங்கைக்கு என்ன நடந்தது என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள்.

வெள்ளையணுக் கவுன்ட் விழுந்ததும் காய்ச்சல் வந்தது, நடுக்கத்தோடு. எந்த மருந்து ஓடுகிறது என்று ஸ்டாண்டில் தொங்கிய பாட்டிலைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். டியூட்டியில் இருந்தவரைக் கேட்டால் "ஸ்ட்ராங் ஆன்டிபயாடிக்" என்றார். நான் மருந்து விற்கிறவன், என்னிடமே அந்தப் பதில். மெரோபெனெம். இரண்டு மூன்று நாளில் காய்ச்சல் விட்டது, கல்ச்சரில் ஒன்றும் வளரவில்லை. ஆனாலும் மெரோ நிற்கவில்லை. கவுன்ட் ஏறும்வரை ஓடியது.

என் செல்கள் பிடித்தன. கவுன்ட் ஏறிக் கொஞ்ச நாளில் வயிற்றுப்போக்கு தொடங்கியது. பச்சைத் தண்ணீராக, பாசி போலத் துணுக்குகளோடு. பாத்ரூமில் பெட்பேன் பக்கத்தில் கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி இருக்கும். ஒவ்வொரு முறையும் அதில் ஊற்றி அளந்து, சுவரில் ஒட்டிய தாளில் நேரம், மி.லி., நிறம் எழுத வேண்டும். அந்த வேலை அம்மாவுக்கு. அம்மா தமிழ் எண்ணும் ஆங்கில எண்ணும் கலந்து எழுதுவார், நர்ஸ் திட்டிக்கொண்டே திருத்துவார். பெரியவர்களுக்கு ஒரு நாள் கூட்டுத்தொகை 500 தாண்டினால் முதல் நிலை, 1000 தாண்டினால் இரண்டு, 1500-க்கு மேல் மூன்று. இது தெரிந்த பிறகு அம்மா ஜாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, நுரை அடங்கும்வரை காத்திருந்து, குறைத்து எழுத முடியுமா என்று பார்ப்பார். நான் கூட்டிப் பார்ப்பேன். 480 வந்த அன்று இருவரும் கேன்டீனில் போய் டீ குடித்தோம்.

அந்த 480 நிலைக்கவில்லை. ஸ்கோப் விட்டு பயாப்சி எடுத்தார்கள், ஜி.வி.எச்.டி. என்று வந்தது, ஸ்டீராய்டு தொடங்கினார்கள். மெல்ல அடங்கியது. இப்போது அவள் தெப்பக்குளம் பக்கம் தன் வீட்டில், தன் சமையலில். பால் மட்டும் இன்னும் ஒத்துக்கொள்வதில்லை.

மெரோவை முன்னாலேயே நிறுத்தியிருந்தால் வராமல் இருந்திருக்குமா? ஒரே ஆளிடம் இரண்டு விதமாகவும் செய்து பார்க்க முடியாது.

ஏப்ரல் 25

நேற்று எழுதியதைப் படித்துவிட்டு "அப்படியானால் வயிற்றுப்போக்கு வந்தாலே ஜி.வி.எச்.டி.யா" என்று தனிச் செய்திகள். இல்லை. கீமோ புண்ணாலும் போகும். சி.எம்.வி. வைரஸ், சி. டிஃபிசைல் கிருமி, நோய் எதிர்ப்பை அடக்கக் கொடுக்கும் மைகோஃபெனோலேட் மாத்திரை, அதே வேலைக்கான சைக்ளோஸ்போரினால் இறங்கிவிடும் மக்னீசியத்தை ஏற்றக் கொடுக்கும் மாத்திரை என்று காரணம் ஏகம். அதற்குத்தான் பயாப்சி. வீட்டில் உட்கார்ந்து போக்கை நிறுத்தும் மாத்திரை கொடுத்துவிடாதீர்கள். கவுன்டரில் வந்து கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

ஏப்ரல் 26

ஒரு வேடிக்கை. இந்தக் கதையின் தொடக்கம் நேர் எதிர்த்திசையில் இருந்தது. 1970-களில் நெதர்லாந்தில் வான் பெக்கும் குழுவினர், கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளுக்கு எலும்பு மஜ்ஜை மாற்றினால் ஜி.வி.எச்.டி. குறைகிறது என்று கண்டார்கள். உடனே மனிதர்களுக்கும் குடலைச் சுத்தமாகத் துடைத்துவிடலாம் என்று கிளம்பினார்கள். வடிகட்டிய காற்று வீசும் தனி அறை, வாய் வழியாகக் குடலில் உறிஞ்சப்படாத ஆன்டிபயாடிக். 1983-இல் அமெரிக்காவின் சியாட்டில் குழு, மஜ்ஜை ரத்த அணுக்களை உண்டாக்காமல் போகும் அப்ளாஸ்டிக் அனீமியா நோயாளிகளில் இந்த முறைக்குப் பலன் இருந்ததாக வெளியிட்டது.

அப்போது துடைத்தால் நல்லது, இப்போது துடைத்தால் கெட்டது. எது சரி? எனக்குப் புரிந்தவரை இரண்டும். எலியைக் கண்ணாடிக் கூண்டில் பிறப்பிலிருந்து கிருமி இல்லாமல் வைக்கலாம். மனிதக் குடலை அப்படித் துடைக்கவே முடியாது. குமட்டும் மருந்தை வாந்தியோடு விழுங்குகிற நோயாளியிடம் பாதிதான் துடைபடும். அந்தப் பாதியில் போவது சாதுக்கள், தங்குவது முரடர்கள். இதையெல்லாம் படிக்கிற தேனி டாக்டர் அம்மா இதை ஒத்துக்கொள்வாரா தெரியவில்லை, வந்து சொல்லட்டும்.

ஏப்ரல் 30

தயிர், பழைய சோறு. இதற்குத்தான் எல்லோரும் காத்திருக்கிறீர்கள்.

பழைய சோற்றுக்கு நான் எதிரி இல்லை. சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும் இருந்தால் எனக்குக் காலைச் சாப்பாடே அதுதான். ஆனால் ராத்திரி முழுக்கச் சமையலறையில் புளித்த சோற்றில் என்னென்ன வளர்ந்திருக்கிறது என்று யாரும் எண்ணிப் பார்ப்பதில்லை. நமக்கு அது போதும். நியூட்ரோபில் பூஜ்யத்தில், குடல் உள்தோல் உரிந்து கிடக்கிறவருக்குப் போதாது. லாக்டோபாசில்லஸ் என்று நாம் கொண்டாடும் தயிர்க் கிருமியே இப்படிப்பட்டவர்களின் ரத்தத்தில் கலந்து காய்ச்சல் கொடுத்திருக்கிறது. கடையில் விற்கும் புரோபயாடிக் மாத்திரைக்கும் அதே எச்சரிக்கை. 2018-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தில் ஆரோக்கியமானவர்களுக்கு ஆன்டிபயாடிக் கொடுத்துவிட்டுப் பார்த்தார்கள். புரோபயாடிக் சாப்பிட்டவர்களின் சொந்த பாக்டீரியா திரும்பி வரத் தாமதமானது. அந்த மாத்திரையை ஆன்டிபயாடிக்கோடு சேர்த்து எழுதாத சீட்டு எனக்கு வருவதே அபூர்வம்.

பாலில் இன்னொரு சங்கதி. எண்டெரோகாக்கஸ் என்றேனே, அதற்கு லாக்டோஸ் பிடிக்கும். 2019-இல் வந்த ஆய்வில் எலிகளுக்கு லாக்டோஸ் இல்லாத உணவு கொடுத்ததும் அதன் ஆட்டம் குறைந்தது, ஜி.வி.எச்.டி.யும் தணிந்தது. லாக்டோஸைச் செரிக்க முடியாத மரபணு உள்ள நோயாளிகளின் குடலில், ஆன்டிபயாடிக் நின்ற பிறகும் எண்டெரோகாக்கஸ் இறங்க மறுத்தது. நம் தென்னிந்தியாவில் வளர்ந்தவர்களில் பலருக்குப் பால் சர்க்கரை செரிப்பதில்லை. அதற்காகப் பாலை நிறுத்தினால் நோய் வராது என்று மனிதர்களில் யாரும் நிரூபிக்கவில்லை. ஆனால் தெம்புக்கு என்று நாளைக்கு நாலு தம்ளர் பால் பவுடரைக் கரைத்து ஊற்றும் அத்தைமார்களிடம் இதைக் காட்டலாம்.

என்னதான் கொடுப்பது? இட்லி. ஆவியில் வெந்து, பாத்திரத்திலிருந்து நேராகத் தட்டுக்கு வந்தது. சட்னி வேண்டாம், சூடான பருப்பு போதும். அந்த வார்டின் டயட்டீஷியன் சொன்னதும் அதையேதான், மதுரைக்காரனுக்குச் சொல்ல வேண்டுமா என்ன.

மே 1

ஆறின சோற்றில் இருக்கும் செரிக்காத மாவு நல்லதுதானே என்று கேட்டவருக்கு: நல்ல கேள்வி. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மாற்று செய்துகொண்டவர்களுக்கு அதே இனத்தைச் சேர்ந்த உருளைக்கிழங்கு மாவைக் கொடுத்துப் பார்த்தார்கள், 2023-இல் முடிவு வந்தது. ப்யூட்டிரேட் கூடியது. ஆனால் பத்தே பேர். அதுவும் அளந்து கொடுத்த பொடி, புளித்த சோறு இல்லை.

மே 4

தேனி டாக்டர் அம்மா வந்துவிட்டார், வாரிவிட்டார். "நியூயார்க் கணக்கை மதுரைக்குக் கொண்டுவந்து செஃபெபைம் கேட்கச் சொல்கிறீர்களா" என்கிறார். நான் அப்படிச் சொல்லவில்லை மேடம். ஆனால் 20-ந் தேதிக் குறிப்பை மட்டும் படிப்பவருக்கு அப்படித்தான் தோன்றும், எனவே விரித்துச் சொல்கிறேன்.

இங்கே குடலில் இருக்கும் ஈ. கோலை, கிளெப்சியெல்லாவில் பெரும்பங்கு ஈ.எஸ்.பி.எல். என்ற நொதியைச் சுரப்பவை. செஃபலோஸ்போரின் வகையை அது உடைத்துவிடும். அதனால்தான் நம் வார்டுகளில் காய்ச்சல் வந்ததும் கை நேராக மெரோவுக்குப் போகிறது. அதற்கும் அடங்காத கிளெப்சியெல்லா வந்துவிட்டால் கொலிஸ்டின் என்ற மருந்து, சிறுநீரகம் கெடாமல் பார்த்துப் பார்த்து. குடல் பாக்டீரியாவைக் காப்பாற்றுகிறேன் என்று வேலை செய்யாத மருந்தைப் போட்டால் காப்பாற்ற ஆள் இருக்க மாட்டார். டாக்டர் அம்மா சொல்வது இதைத்தான், நானும் கட்சி மாறவில்லை.

ஆனால் தொடங்குவது வேறு, தொடர்வது வேறு. 2017-இல் ஸ்பெயினிலிருந்து ஒரு ஆய்வு, இது குலுக்கல் முறையில் செய்தது. கிருமி எதுவும் சிக்காமல், காய்ச்சல் விட்டு 72 மணி நேரம் ஆகி, ஆள் தெளிவாக இருந்தால், கவுன்ட் ஏறும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக்கை நிறுத்தியும் பாதகமில்லை என்று காட்டியது. ஐரோப்பிய வழிகாட்டுதலும் இந்தப் பக்கம்தான் சாய்கிறது. என் தங்கை விஷயத்தில் எனக்கு இருக்கும் ஆதங்கம் இந்த இடத்தில்தான். மெரோ தொடங்கியதில் இல்லை.

மே 14

அழகர் ஆற்றில் இறங்கி மலைக்குத் திரும்புகிறார், என் கடையில் வியாபாரம் ஏறுகிறது. நீர்மோர், பானகம், ரோட்டோர ஜூஸ், எல்லாம் சேர்ந்து இரண்டு நாளாக வயிற்றாலை கேஸ்தான். சீட்டு கிடையாது. "அண்ணே, லூஸ் மோஷனுக்கு அந்த மஞ்சள் மாத்திரை" என்று கையை நீட்டுவார்கள். ஓஃப்ளாக்சசின்-ஆர்னிடசோல். ஒரு பாதி ஈ. கோலை வகையை அடிக்கும், மறுபாதி அனரோப்களைத் துடைக்கும். பெரும்பாலும் உப்பு-சர்க்கரைக் கரைசலில் தானே நின்றிருக்கும் போக்கு.

2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் எச்1 என்று ஒரு பட்டியல். செஃபிக்சிம், மெரோபெனெம் மாதிரி மருந்துகளை விற்றால் நோயாளி பெயர், டாக்டர் பெயரோடு தனிப் பதிவேட்டில் எழுதி மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். ஓஃப்ளாக்சசின் அதில் இல்லை. அது வெறும் எச். சீட்டு வேண்டும், பதிவேடு வேண்டாம். இந்த ஓட்டையில்தான் அந்த மாத்திரை ஊர் முழுக்க ஓடுகிறது. நான் தர மறுத்தால் பத்தடி தள்ளி அடுத்த கடை. ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பினால் "கடைக்காரருக்குத் திமிர்" என்று பெயர். பழகிவிட்டது.

மாற்றுக்கு முன்பே குடல் கலைந்திருக்கிறது என்று 22-ந் தேதி எழுதினேனே, அதை இதோடு சேர்த்துப் படியுங்கள். கீமோ காலத்து மருந்துகள்தான் பெரிய காரணம், அதைத் தவிர்க்க முடியாது. அதற்கு மேல் இந்த மஞ்சள் மாத்திரையையும், தொண்டை கரகரப்புக்கு வீட்டு டிராயரில் மிச்சமிருந்த அசித்ரோமைசினையும் போட வேண்டியதில்லை. கூடல்நகர் தம்பி, உன் கைக்குள் இருக்கிற ஆன்டிபயாடிக் முடிவு இது ஒன்றுதான். மச்சினனுக்கு இப்போதிலிருந்து ஜூன் வரை டாக்டருக்குத் தெரியாமல் ஒரு மாத்திரையும் வீட்டில் போகக் கூடாது.

மே 22

மல மாற்று பற்றிக் கேட்டிருக்கிறார்கள், கூடவே சிரிப்பு முகங்கள். சிரியுங்கள், ஆனால் விஷயம் உண்மை. நியூயார்க்கில் நோயாளியின் சொந்த மலத்தையே மாற்றுக்கு முன்பு வாங்கி உறைய வைத்து, ஆன்டிபயாடிக் எல்லாம் முடிந்த பிறகு திருப்பிக் கொடுத்தார்கள். 2018-இல் வந்த முடிவில், திரும்பப் பெற்றவர்களின் குடல் பழைய நிலைக்கு நெருங்கி வந்தது.

அடுத்தவர் மலம் என்றால் யோசிக்க வேண்டும். 2019-இல் பாஸ்டனில் ஆய்வுக்காக ஒரே டோனரின் மலக் கேப்சூல் வாங்கிய இருவருக்கு ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை ரத்தத்தில் ஏறியது. அதில் ஸ்டெம் செல் மாற்று செய்துகொண்டவர் இறந்துபோனார். அங்கேயே அப்படி. நம் ஊரில் ஈ.எஸ்.பி.எல். இல்லாத டோனரைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் இன்னொரு சித்திரைத் திருவிழா வந்துவிடும்.

ஜூன் 3

கூடல்நகர் தம்பி எழுதியிருக்கிறான். அட்மிஷனுக்கு முன் மலக்குடல் ஸ்வாப் எடுத்தார்களாம், ஈ.எஸ்.பி.எல். ஈ. கோலை என்று வந்ததாம், வீட்டில் ஒரே அழுகையாம். அழ வேண்டாம். அது நோய் இல்லை, குடலில் குடியிருக்கிறது என்று மட்டும் அர்த்தம். முன்கூட்டித் தெரிந்தது நல்லதுதான். காய்ச்சல் வந்தால் எதைத் தொடங்குவது என்று டாக்டர் குழப்பமில்லாமல் முடிவு செய்வார். அனேகமாக மெரோவாகத்தான் இருக்கும். நீ அதை எதிர்த்து வாயைத் திறக்காதே.

நீ கேட்க வேண்டியது மூன்றாம் நாள் ரவுண்ட்ஸில். "கல்ச்சரில் ஏதாவது வளர்ந்ததா சார், காய்ச்சல் விட்டிருக்கிறது, இதைக் குறைக்கலாமா, இல்லை தொடர வேண்டியதற்குக் காரணம் இருக்கிறதா?" இவ்வளவுதான், இந்தத் தொனியில்தான். காரணம் இருந்தால் சொல்வார்கள், பெரும்பாலும் இருக்கும். நான் அன்றைக்கு நர்ஸிடமும் டியூட்டி டாக்டரிடமும் கேட்டுக்கொண்டிருந்தேன். முடிவெடுக்கிற கன்சல்டன்ட் வரும்போது அம்மாவைப் பேச விட்டுவிட்டு ஓரமாக நின்றேன்.

அப்புறம், தெர்மாமீட்டர் இரண்டு வாங்கி வை, டிஜிட்டல் ஒன்று ஏமாற்றும். ஜாடி அவர்களே கொடுப்பார்கள். கோடு அழிந்த பழைய ஜாடியாக இருந்தால் மாற்றிக் கேள்.